எம்ஜி காப்பகத்துக்குப் போகும் முன்: பழைய கார் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் கெய்டன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகத்துக்குப் போய் வந்த நாளிலிருந்து, பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மச்சான், அங்க போனா என்ட காரின் முழுக் கதையும் கிடைக்குமா?" கிடைக்காது. கார் தொழிற்சாலையின் படலையைத் தாண்டும் வரைக்குமான கதை கிடைக்கும். அதுகூட, சரியான எண்ணோடு போனால்தான் கிடைக்கும். என்னுடையது எம்ஜி என்ற பழைய பிரிட்டிஷ் கார்க் கம்பனி செய்த, 1,489 சிசி எஞ்சினுடன் வந்த எம்ஜிஏ. அதைப் பற்றி நான் பல வருடமாக நம்பி வந்த மூன்று விஷயங்கள் அங்கே ஒரே காலையில் பிழையென்று தெரிந்தது. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சரியாகப் பிடியுங்கள். எம்ஜி என்றால் இங்கிலாந்தின் அபிங்டன் என்ற ஊர் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள், அதில் பிழையில்லை, 1929 முதல் 1980 அக்டோபர் வரை கார் செய்தது அங்கேதான். ஆனால் அந்தத் தொழிற்சாலை மூடிப் பல காலம். பழைய உற்பத்திப் பதிவுகள் இருப்பது வோரிக்‌ஷயரில், கெய்டனில், அந்த மியூசியத்தை நடத்தும், 1983-ல் அமைத்த பிரிட்டிஷ் மோட்டார் தொழில் மரபு அறக்கட்டளையிடம். எம்ஜி என்ற பெயர் இன்று ஒரு சீன நிறுவனத்தின் கையில் இருக்கிறது, புதிய எம்ஜி ஷோரூமில் போய் 1950களின் காரைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. ஒவ்வொரு கார்க் கம்பனிக்கும் இப்படித் தனித்தனி இடம்: போர்ஷே என்றால் ஸ்டுட்கார்ட்டின் சூஃபன்ஹவுசன், மோர்கன் என்றால் மால்வர்ன், ஃபெராரி என்றால் மரனெல்லோ. கெய்டன் ஒரு காலத்தில் விமானப்படைத் தளமாக இருந்த இடம், பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. லண்டனில் அக்கா வீட்டிலிருந்து போகிறவர்கள் மேரில்போனில் ரயில் ஏறி, பான்பரியிலோ லெமிங்டன் ஸ்பாவிலோ இறங்கி, அங்கிருந்து டாக்சி பிடிக்க வேண்டும்.

மியூசியத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டால் காப்பகத்துக்குள்ளும் போய்விடலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. இரண்டும் வேறு. காப்பகத்தில் உட்கார்ந்து பார்க்க முன்கூட்டியே நாள் குறிக்க வேண்டும், உங்கள் காரின் எண், என்ன தேடுகிறீர்கள் என்பதையெல்லாம் எழுதி அனுப்ப வேண்டும். கொழும்பிலிருந்து விசா எடுத்து, டிக்கெட் போட்டு, அக்காவிடம் திகதி சொல்லி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் காப்பகத்துக்கு எழுதாதீர்கள். முதல் கடிதம் அவர்களுக்குத்தான் போக வேண்டும். இன்னொன்று: உங்களுக்குத் தேவை உங்கள் காரின் தொழிற்சாலை விபரத்தை எழுதிக் காப்பகம் தரும் சான்றிதழ் மட்டும்தான் என்றால் பயணமே தேவையில்லை, வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே பணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். விற்பனைக் கையேடுகள், கம்பனி எடுத்த படங்கள், வரைபடங்கள், இவற்றை உட்கார்ந்து புரட்ட ஆசையிருந்தால் போங்கள்.

சரி, எண் விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

நம்மில் பலர் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் சேசி நம்பரை அப்படியே எழுதி அனுப்பிவிடுகிறோம். அந்தப் புத்தகம் அறுபது எழுபது வருடத்தில் எத்தனை பேர் கையால் எத்தனை தரம் பெயர்த்து எழுதப்பட்டிருக்கும்! என் புத்தகத்தில் முன்னெழுத்து மூன்றும் விடுபட்டு வெறும் எண் மட்டும்தான் இருந்தது, அதிலும் 3 ஒன்று 8 ஆகியிருந்தது. எஞ்சின் அறைக்குள் இருக்கும் தகட்டையே பாருங்கள். நாரஹேன்பிட்டயில் வாகனப் பரிசோதனைக்குச் செய்வோமே, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பது, அதே முறைதான் இதற்கும் நல்லது. போட்டோவில் வெளிச்சம் பட்டு மறையும் கோடுகூடத் தேய்ப்பில் வந்துவிடும். முதலில் ஒரு துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்து எண்ணெய் அழுக்கை மட்டும் துடையுங்கள், மண்தாள் போடவே கூடாது. மண்தாள் போட்டால் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

தேய்த்து எடுத்த பிறகு அதை வாசிக்கவும் தெரிய வேண்டும். என் தகட்டில் எண்ணுக்கு முன்னால் இருந்தது எச்டிஏ23. முதல் எழுத்து எச் என்றால் எம்ஜி. டி என்றால் திறந்த இரண்டு இருக்கை உடல். மூன்றாவது எழுத்து நிறம், ஏ என்றால் கறுப்பு, கே என்றால் சிவப்பு. பிறகு வரும் 2, வலப்பக்க ஸ்டியரிங் வைத்த ஏற்றுமதிக் கார் என்பதைக் காட்டுகிறது, உள்நாட்டுக்கு என்றால் 1, அமெரிக்காவுக்குப் போனது என்றால் 4. கடைசி எண் பெயின்ட் வகை. அரை வரியில் இவ்வளவு செய்தி இருக்கிறது, பதினொரு வருடம் பொனட்டைத் திறந்து திறந்து மூடியும் நான் அதை வாசிக்கவில்லை.

வாசிக்காததன் விலை என்ன தெரியுமா? நான் அந்தக் காரை வாங்கும்போது அது சிவப்பு. விற்றவர் சிவப்பு என்றார், பார்த்தவர்கள் எல்லாரும் சிவப்பு என்றார்கள், டிங்கர் வேலை செய்த பாஸ் "தம்பி, இது பொறந்ததிலிருந்தே செவப்புதான்" என்று அடித்துச் சொன்னார். 1958-ல் காலி முகத்திடலில் எடுத்த ஒரு படமும் இருந்தது, அதில் கார் கடும் நிறமாகத் தெரியும், நான் அதைக் கடும் சிவப்பு என்று எடுத்துக்கொண்டேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் கடும் சிவப்பும் கறுப்பும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும், அந்தப் படத்தை ஆதாரமாக வைத்திருக்கவே கூடாது. உடல் முழுவதையும் இரும்பு தெரியும்வரை உரித்து, எம்ஜியின் ஓரியன்ட் ரெட் நிறத்தைத் தேடிப் பிடித்துக் கலந்து அடித்தோம். கெய்டனில் பதிவைப் பார்த்தபோது நிறம் என்ற இடத்தில் பிளாக் என்று இருந்தது. திரும்பி வந்து டாஷ்போர்டைக் கழற்றினேன். பின்பக்கத் தகட்டில், வயர்கள் போகும் மூலையில், உள்ளங்கை அளவு இடத்தில் பழைய கறுப்பு அப்படியே இருந்தது, விரலால் துடைத்ததும் பளபளத்தது. மற்ற எல்லா இடத்திலும் அதை நானே உரித்து எறிந்திருந்தேன். ஆகவே பெயின்ட் வேலைக்குக் கொடுக்கும் முன்னால் தகட்டை வாசியுங்கள், சான்றிதழை எடுங்கள், டாஷுக்குப் பின்னாலும் கதவு ஓரங்களிலும் கீல்களுக்கு அடியிலும் தேடுங்கள். உரித்த பிறகு எந்தக் காப்பகத்தாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

அந்த எண்ணைப் பற்றி இன்னொரு மயக்கமும் உண்டு. எம்ஜிஏ எண்கள் 10101-லிருந்து தொடங்கின. அதற்குப் பிறகு வந்த எம்ஜிபி மொடலின் எண்கள் 101-லிருந்து. 1945-ல் வந்த டிசி மொடலின் முதல் எண் 0251, அது அபிங்டன் தொழிற்சாலையின் டெலிபோன் நம்பர்! ஆகவே உங்கள் எம்ஜிபியின் எண் 150 என்றால் அது நூற்றைம்பதாவது கார் ஆகாது. எண்ணை வைத்து "இத்தனையாவது கார்" என்று விளம்பரம் போட்டு விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வாங்கும்போது கவனம்.

வருடம் பற்றிய குழப்பம் இதைவிடப் பெரிது. ஒரு காருக்கு மூன்று திகதிகள் உண்டு: செய்து முடித்தது, தொழிற்சாலையிலிருந்து அனுப்பியது, இங்கே பதிவானது. நம் புத்தகத்தில் இருப்பது மூன்றாவது மட்டும்தான். என் காரில் சிங்கள ஸ்ரீ எழுத்து உள்ள இலக்கத் தகடு, அது 1957-ல் வந்தது (அந்த எழுத்தால் நம் சனம் பட்டதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை), ஆகவே எல்லாரும் "ஐம்பத்தேழு மொடல்" என்றே சொல்லி வந்தோம். தொழிற்சாலைப் பதிவின்படி கார் செய்து முடிந்தது 1956 ஒக்டோபர், அனுப்பியது நவம்பர். கொழும்பில் பதிவானது 1957 மார்ச். ஏன் இத்தனை மாதம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ரயிலில்தான் எனக்குப் பிடிபட்டது: 1956 நவம்பரில் சூயஸ் கால்வாய் மூடிவிட்டது, அடுத்த ஏப்ரல் வரை திறக்கவில்லை, கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றித்தான் வந்தன. மூன்று திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால்தான் இப்படியொரு விஷயம் கண்ணில் படும்.

எஞ்சின். பதிவில் இருக்கும் எஞ்சின் நம்பரும் காரில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் மனம் உடைந்து போகாதீர்கள். நம் நாட்டில் அது சாதாரணம். எம்ஜிஏக்குப் போட்ட பி வரிசை எஞ்சின்தான் மொரிஸ் ஒக்ஸ்போர்டிலும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜிலும் இருந்தது, இறக்குமதிக் கட்டுப்பாடு வந்த காலத்தில் கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் எது கிடைத்ததோ அதைப் போட்டு ஓட்டினார்கள், அதனால்தான் இந்தக் கார்கள் உயிரோடு மிஞ்சின. என் காலத்து எம்ஜிஏ எஞ்சினின் முன்னெழுத்து பிபி15ஜிபி, அதில் 15 கொள்ளளவு, ஜி எம்ஜி. ஜி இருக்க வேண்டிய இடத்தில் வேறு எழுத்து இருந்தால் எஞ்சின் வேறு வீட்டிலிருந்து வந்தது. செய்யவே கூடாத தவறு ஒன்று உண்டு: பதிவில் கண்ட நம்பரைப் புதுத் தகட்டில் அடித்து உங்கள் எஞ்சினில் ஆணி வைப்பது. அது மோசடி. அடுத்து வாங்குகிற ஒருவரை ஏமாற்றுவதோடு, காரின் உண்மையான கதையையும் அழித்துவிடுகிறது.

ட்வின் கேம் (இரண்டு கேம்ஷாஃப்ட் வைத்த அரிய எஞ்சின் உள்ளது) என்று சொல்லி வரும் எம்ஜிஏக்களைப் பற்றிச் சுருக்கமாக: மொத்தம் 1,01,081 எம்ஜிஏ செய்ததில் ட்வின் கேம் 2,111 மட்டும்தான், அவற்றின் சேசி எண் ஒய்டி அல்லது ஒய்எம் என்று தொடங்கும். எச்டி என்று தொடங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

காப்பகத்தில் இருப்பவர்களோடு வாதாடாதீர்கள். நாம் அப்பா சொன்னது, முதல் சொந்தக்காரரின் மகன் சொன்னது என்று ஒரு கதையை நெஞ்சில் சுமந்துகொண்டு போகிறோம், பதிவு வேறு மாதிரிச் சொன்னால் பதிவுதான் பிழை என்று தோன்றும். கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு எண்ணை மட்டும் நீட்டுங்கள். 2014-ல் ஜேர்மனியில் ஒரு தொலைக்காட்சிக் குழு பழைய கொட்டகை ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்த இரண்டு போர்ஷே 911 கார்களின் மதிப்பைக் கேட்டு போர்ஷே மியூசியத்தைத் தொடர்புகொண்டது. காப்பகத்தில் சேசி எண்ணை ஒப்பிட்டார்கள். அதில் ஒன்று 300.057. பெஜோ கம்பனி ஆட்சேபித்து 1964-ல் பெயரை 911 என்று மாற்றும் முன்னால், 901 என்ற பெயரில் செய்த கார்களில் ஒன்று அது! மியூசியம் அதை வாங்கி, மூன்று வருடம் வேலை செய்து, 2017 டிசம்பரில் காட்சிக்கு வைத்தது. இவ்வளவையும் வெளியே கொண்டுவந்தது அந்த ஓர் எண்.

உள்ளே போன பிறகு கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. பேனா வேண்டாம், பென்சில் கொண்டு போங்கள். போட்டோ எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததை வெளியிடலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள், அது வேறு அனுமதி. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாமல் மூன்று நான்கு கேள்வியோடு போங்கள். நான் இருபத்திரண்டு கேள்வியோடு போய், விற்பனைக் கையேடுகளைப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அப்புறம், முதலில் சொன்ன அந்தப் படலை. தொழிற்சாலைப் பதிவில் என் கார் போக வேண்டிய இடம் கொழும்பு, சிலோன் என்று இருந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. யார் வாங்கினார், யார் ஓட்டினார், எப்போது சிவப்பானது என்பதையெல்லாம் கெய்டனில் தேடுவது வீண். அது இங்கே கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் எண்பது வயது தாண்டியவர்களின் நினைவில் இருக்கிறது. லண்டனுக்குப் பறக்கும் முன்னால் அவர்களிடம் போயிருக்க வேண்டும், நான் பின்னால்தான் போனேன். பழைய பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயர்களைப் பிடித்து விசாரித்து விசாரித்துக் கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தேன், அறுபதுகளில் யூனியன் பிளேசில் ஒரு கராஜில் பெயின்ட் அடிக்கும் பையனாக இருந்தவர். கண் சரியாகத் தெரியவில்லை, நான் கொண்டு போன படத்தை அவருடைய பேத்தி விவரித்துச் சொன்னாள். இலக்கத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"அது கறுப்புக் கார் தம்பி. மகாகஸ்தோட்டை மலையேத்த ரேஸுக்கு செவப்புல வேணும்னு தொரை ரெண்டு நாள்தான் தந்தார். டாஷைக் கழட்ட நேரம் இல்ல, பின்னால இருந்த கறுப்ப அப்படியே விட்டுட்டோம்."