மூளை ஸ்லைஸ் கல்ச்சர்ல நரம்பு செல் பாதிப்ப பாக்கணுமா, முதல்ல வெட்டுக்காயம் ஆறட்டும்

புதுசா ஸ்லைஸ் கல்ச்சர், அதாவது மெல்லிசா வெட்டுன மூளைத் துண்ட டிஷ்ல உயிரோட வளக்கறது, ஆரம்பிக்கறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது, நரம்பு செல்ல பாதிக்க ஆக்சிஜன எத்தனை நிமிஷம் நிறுத்தணும்னுதான். ஆனா நீங்க பிளேடு வச்ச நிமிஷமே அந்த திசு அடிபட்டாச்சு. அந்தக் காயம் ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி குடுத்தா, எந்த செல் எதனால செத்துச்சுன்னு பிரிச்சு சொல்லவே முடியாது.

அனிமல் எத்திக்ஸ் அனுமதி வாங்காம எதையும் தொடாதீங்க. 5லேர்ந்து 10 நாள் வயசு எலிக்குட்டிதான் சரியா வரும், ரொம்ப வளந்த மூளை இந்த வெட்ட அவ்வளவா தாங்காது. ஐஸ் குளிர்ச்சில குளுக்கோஸ் கலந்த உப்புக் கரைசல்ல ஹிப்போகாம்பஸ (நினைவுக்கான மூளைப் பகுதி) எடுத்து, சாப்பர்ங்கற திசு வெட்டற மெஷின்ல 350 - 400 மைக்ரான்ல வெட்டி, மைக்ரோஸ்கோப்ல ஒவ்வொண்ணா பாருங்க. செல் வரிசை வளைவு எங்கயாவது அறுந்திருந்தா அத எடுத்துப் போட்டுடுங்க, பாவம் பாக்காதீங்க.

1991ல ஸ்டொப்பினி குழு கொண்டு வந்த முறைதான் இன்னைக்கும் எனக்கு நம்பிக்கையானது: பிளேட்ல வைக்கற இன்சர்ட்டுங்கற சின்னக் கிண்ணத்தோட மெம்பரேன் மேல ஸ்லைஸ் உக்காரும், கீழ மீடியம் (செல்லுக்கு சாப்பாடு குடுக்கற கரைசல்), மேல காத்து. சிக்ஸ் வெல் பிளேட்ல ஒரு வெல்லுக்கு 1 மில்லி போதும், அதுல பாதி எம்இஎம் (செல் வளக்கற அடிப்படை மீடியம்), கால் பங்கு ஹார்ஸ் சீரம், கால் பங்கு ஹாங்க்ஸ் உப்புக் கரைசல், கூட கொஞ்சம் குளுக்கோஸ். இன்சர்ட்டுக்கு அடில ஒரு குமிழி மாட்டிக்கிட்டாலும் அதுக்கு மேல இருக்க ஸ்லைஸுக்கு சாப்பாடு போகாது, ஸ்லைஸ் மேல தண்ணி தேங்கினா மூச்சு முட்டும், அதனால பிப்பெட்ட ஓரத்துல வச்சு மெதுவா உறிஞ்சி எடுத்துடுங்க.

37 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ மீடியம் மாத்தணும். 10 - 14 நாள் காத்திருங்க. வெட்டுல செத்த செல்ல மைக்ரோக்ளியாங்கற மூளையோட துப்புரவு செல் மெல்ல சுத்தம் பண்ணும், ஸ்லைஸும் மெலிஞ்சு கண்ணாடி மாதிரி ஆகி செல் வரிசை தெளிவா தெரிய ஆரம்பிக்கும். வெள்ளையா மங்கலா நின்னுடுச்சுன்னா அது போச்சு.

இப்ப ப்ரொபிடியம் அயோடைடு சாயம் சேருங்க. சவ்வு கிழிஞ்ச செல்லுக்குள்ள மட்டும் போய் சிவப்பா ஒளிரும். அடி குடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு போட்டோ கட்டாயம் எடுங்க, அதுலயே சிவப்பு தெரிஞ்சா அந்த ஸ்லைஸ் வேண்டாம். எவ்வளவு சிவப்புன்னா தள்ளணும்ங்கறத ரிசல்ட்ட பாத்தப்புறம் முடிவு பண்ணாதீங்க, முன்னாடியே எழுதி வச்சுடுங்க.

பக்கவாதம் மாதிரி காட்டணும்னா குளுக்கோஸ் இல்லாத கரைசல்ல 95% நைட்ரஜன், 5% கார்பன் டை ஆக்சைடு ஓட்டி 30லேர்ந்து 60 நிமிஷம் வைக்கலாம். சூடு குறையவே கூடாது, ரெண்டு மூணு டிகிரி எறங்குனாலே செல் தப்பிச்சுக்கும். என் சேம்பர் ஒரு தடவ அப்படி ஆறிப்போய், டெஸ்ட் பண்ணின மருந்து காப்பாத்துச்சுன்னு நான் ரெண்டு வாரம் நம்பிட்டு இருந்தேன், உண்மையில காப்பாத்துனது குளிர்ச்சி. கன்ட்ரோல் ஸ்லைஸையும் அதே மாதிரி தூக்கி, கழுவி, அதே நேரம் வெளிய வைங்க, குளுக்கோஸும் ஆக்சிஜனும் மட்டும் இருக்கட்டும்.

24 மணி நேரம் கழிச்சு பாத்தா ஹிப்போகாம்பஸோட சிஏ1 பகுதி வரிசை சிவப்பா எரியும், அதோட இன்னொரு பகுதியான டென்டேட் கைரஸ் பெரும்பாலும் இருட்டாவே இருக்கும். ஆக்சிஜன நிறுத்தறதுக்குப் பதிலா கைனேட் (நரம்பு செல்ல அளவுக்கு மீறி தூண்டற பொருள்) குடுத்தா சிஏ3 பகுதிதான் முதல்ல போகும். எல்லா இடமும் ஒண்ணா சிவந்துட்டா அடி ஓவர், எந்த மருந்தாலயும் வித்தியாசம் காட்ட முடியாது, நேரத்த குறைங்க. கடைசில அதிக டோஸ் என்எம்டிஏ (அதே மாதிரி தூண்டற இன்னொரு பொருள்) குடுத்து எல்லா நியூரானையும் சாகடிச்சு வர்ற ஒளிய 100னு வச்சு, ஆரம்ப போட்டோவோட ஒளிய ரெண்டுலயும் கழிச்சு சதவீதம் போடுங்க, எக்ஸ்போஷர மட்டும் நடுவுல மாத்திடாதீங்க.

ஒரே குட்டில 8 ஸ்லைஸ் வந்தா அது 8 சாம்பிள் இல்ல, ஒண்ணுதான். அப்புறம் இந்த சிவப்பு செல் செத்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும், அது நியூரானா, இல்ல க்ளியாங்கற துணை செல்லான்னு சொல்லாது, அதுக்கு ஸ்லைஸ ஃபிக்ஸ் பண்ணி, நியூரான அடையாளம் காட்டற நியூஎன் ஸ்டெய்ன் போட்டு பாருங்க.