ஆறு கிளாம்ப், ஒரு பழைய இழைப்புளி: வீட்டுப் பட்டறைக்குக் கருவி வாங்கும் வழி

2015 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால், தவணையில் வாங்கிய பார்ட்டிகிள் போர்டு அலமாரியும் மகளின் படிப்பு மேசையும் ஊறிய ரொட்டி மாதிரி உப்பிக் கிடந்தன. அதே தண்ணீரில் நின்ற என் மாமியாரின் பலாமரப் பெட்டி, காய்ந்ததும் பழையபடி மூடித் திறந்தது. இனி வீட்டுக்கு வேண்டிய மேசையும் பெஞ்சும் அசல் மரத்தில் நானே செய்வது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். பண்ருட்டிப் பலா பக்கத்திலேயே கிடைக்கிறது. கருவிதான் இல்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்கீடு, இவ்வளவுதான் என் முதல். அதற்குள் கருவி சேர்த்த விதத்தைச் சொல்கிறேன்.

தள்ளுபடி விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். முதலில் செய்யப்போகும் பொருளைக் காகிதத்தில் வரையுங்கள். எனக்கு அது நாலடி நீளம், இரண்டடி அகல மேசை. ஆறு அங்குலப் பலகை நான்கை ஒட்டினால் மேல்பலகை வரும். ஒட்டும்போது பசை காயும்வரை பலகைகளை இறுக்கிப் பிடிக்க, எட்டு, ஒன்பது அங்குலத்துக்கு ஒரு கிளாம்ப், அதாவது முறுக்கி இறுக்கும் இரும்புப் பிடி, வேண்டும். நாலடி என்றால் 48 அங்குலம், ஆக ஆறு. பலகை அகலம் 24 அங்குலம், மரத்தில் தழும்பு விழாமல் இரு பக்கமும் அணைக்கட்டை வைக்க இடம் வேண்டும், அதனால் 30 அங்குலமாவது திறக்கிற கிளாம்ப். இந்தக் கணக்கு கையில் இருந்தால், கடையில் நாலு அளவில் நாலு கிளாம்பை ‘செட்’ என்று காட்டும்போது மனம் தடுமாறாது. ஒரே அளவில் ஆறுதான் வேலைக்கு உதவும்.

கிளாம்பை மட்டும் புதிதாக வாங்கச் சொல்வேன். லாரன்ஸ் ரோடு பக்கம் ஹார்டுவேர் கடையில், “அண்ணே, ஒண்ணு வேண்டாம், ஆறு எடுத்துக்கிறேன். பில்லோட, வரியோட என்ன ரேட்டு?” என்று ஒரே மூச்சில் கேளுங்கள். தனித்தனியாக விலை கேட்டால் குறைப்பதற்கு அவருக்கும் வழியில்லை. அட்டைப்பெட்டியில் எம்.ஆர்.பி. அச்சடித்திருந்தால் அதிலேயே எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. கேட்பது முறையல்ல. மொத்த விலைப்பட்டியலைக் காட்டினால் பெரும்பாலும் வரி சேராத விலையாக இருக்கும், 18 சதவீதத்தைக் கூட்டிக்கொண்டு ஒப்பிடுங்கள். ஆன்லைனில் ‘60% தள்ளுபடி’ என்பதில் அந்த அறுபதை மறந்துவிட்டு, ஒரு கிளாம்ப் வீடு வந்து சேர என்ன ஆகிறது என்று மட்டும் பாருங்கள். எஃப் எழுத்து வடிவில் இருக்கும் எஃப் கிளாம்பில் இரண்டு எண் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் பெரிய எண் எவ்வளவு திறக்கும், சின்ன எண் பலகையின் ஓரத்திலிருந்து எவ்வளவு உள்ளே எட்டும். பலரும் சின்ன எண்ணைப் பார்ப்பதில்லை. விலை குறைவாக இருப்பவை பெரும்பாலும் 50 மில்லிமீட்டர்தான் எட்டும். மரச் சட்டத்துக்குப் போதும், அகலமான பெட்டி வேலைக்குப் போதாது.

கையில் வாங்கிப் பார்க்கும்போது ஒரு கட்டையைக் கொடுத்து முறுக்கிப் பார்க்க விடச் சொல்லுங்கள். விடாத கடையில் நான் வாங்குவதில்லை. முறுக்க முறுக்கத் தண்டு வில்லாக வளைகிறதா, வாய் முனைப்பக்கம் திறந்துகொள்கிறதா, நகரும் கை தண்டில் வழுக்குகிறதா என்று பாருங்கள். மரை ஆழமாக, அகலமாக இருக்கவேண்டும். போல்ட் மரை மாதிரி நெருக்கமாக இருந்தால் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

30 அங்குலத்துக்கு எஃப் கிளாம்ப் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் பைப் கிளாம்ப். அதன் இரு தலைகளை மட்டும் வாங்கி, முக்கால் அங்குல ஜி.ஐ. பைப்பை பிளம்பிங் கடையில் வெட்டி, ஒரு முனையில் மரை போட்டு வாங்கவேண்டும். தலையைக் கையோடு எடுத்துப்போய் அங்கேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். நீளம் போதாத நாளில் இரு முனையிலும் மரை போட்ட இன்னொரு துண்டை கப்ளிங் போட்டு நீட்டிக்கொள்ளலாம். என் ஆறில் நான்கு இப்படித்தான். கனம் அதிகம், ஆனால் பிடி உடும்புப்பிடி. பைப்புக்கும் மரத்துக்கும் நடுவே பாலித்தீன் தாள் வையுங்கள். ஈரப்பசையும் இரும்பும் சேர்ந்தால் மரத்தில் கருப்புக் கறை விழும்.

சின்ன வேலைக்குக் கிளாம்பே வேண்டாம். பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றினால் நாற்காலிக் காலையும் வளைந்த துண்டையும் அழகாகப் பிடிக்கும்.

உளி, மரத்தைச் சீவும் இழைப்புளி, ரம்பம் இவற்றுக்குப் பாண்டி ஞாயிறு சந்தை. காந்தி வீதியில் கடைகள் மூடியிருக்க, அவற்றின் வாசலில் விரிக்கிறார்கள். துணிமணிக் கூட்டத்தைத் தாண்டி, தரையில் பழைய இரும்பு பரப்பியிருக்கும் இடங்களைத் தேடுங்கள். காலையிலேயே போய்விடவேண்டும், பாண்டி ஆசாரிகளும் அதே குவியலைத்தான் பார்க்க வருகிறார்கள்.

அங்கேதான் ஒருமுறை ஏமாந்தேன். பார்க்கப் புதுசு போலிருந்த இழைப்புளி, எழுநூறு சொல்லி நானூற்றைம்பதுக்கு முடிந்தது. வீட்டில் அழுக்கைத் துடைத்தபோது அலகு வெளிவரும் வாயின் ஓரத்தில் மயிரிழை விரிசல். வார்ப்பிரும்பு அது, வெல்டிங் வைத்தாலும் நேராக நிற்காது. இப்போது பையில் ஒரு பழைய துணி, டார்ச், ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், சின்ன அரம் இல்லாமல் போவதில்லை. துணியால் வாயைத் துடைத்து டார்ச் அடிக்கிறேன். ஸ்கேலை அடிப்பாகத்தில் நிறுத்தி வெளிச்சம் புகுகிறதா பார்க்கிறேன். திருகாணி எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுகிறேன்; பழைய ஸ்டான்லி வகை இழைப்புளியின் மரை நம் கடைகளில் கிடைக்கும் மரையோடு சேராது, ஒன்று தொலைந்தாலும் அலைச்சல். துருவுக்குப் பயப்படவேண்டாம், விரிசலுக்குப் பயப்படுங்கள்.

உளியில் முனை நீலம் பாய்ந்திருந்தால் யாரோ சாணையில் சூடேற்றித் தோய்ச்சலை, அதாவது எஃகுக்கு ஏற்றிய கடினத்தை, கெடுத்திருக்கிறார்கள். அரத்தால் முனையோரம் மெல்ல ஓர் இழுப்பு: அரம் வழுக்கினால் நல்ல எஃகு, கடித்தால் மெத்து. உளியின் தட்டையான முதுகில் துரு குழி பறித்திருந்தால் விட்டுவிடுங்கள், அதைத் தேய்த்துச் சமன் செய்ய ஒரு வாரம் போகும். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்பதால் அபூர்வமாகப் பிரெஞ்சுச் சரக்கும் தட்டுப்படும். என்னிடம் உள்ள ஓர் இழைப்புளி அலகில் பியூஜோவின் சிங்க முத்திரை இருக்கிறது. கார் செய்வதற்கு வெகு முன்பே அவர்கள் ரம்பமும் அலகும் செய்தவர்கள். எண்பது ரூபாய்க்கு வந்த அந்த அலகு பலாவை வெண்ணெய் போல் சீவுகிறது.

கடலூரிலேயே தேடுவதென்றால் காயலான் கடை. பொங்கல் முடிந்த வாரம் போங்கள். போகிக்கு வீடு ஒழித்தவர்கள் தாத்தாவின் கருவிப் பெட்டியையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அங்கே எடைக்கு விலை. உளி கிடைக்கவில்லையா, கொல்லுப்பட்டறையில் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தரச் சொல்லலாம், வேண்டிய அகலத்தில் வரும். வயதான ஆசாரிகளிடம் பேசிப் பாருங்கள். பிளைவுட் வேலைக்கு மாறிவிட்ட பட்டறைகளில் நீளமான பார் கிளாம்புகள் மூலையில் கிடக்கின்றன. “ஐயா, கொடுக்கிறதா இருந்தா சொல்லுங்க” என்று ஒருவரிடம் நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன். எட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டு இரண்டு கொடுத்தார்.

மோட்டார் உள்ள எதையும் பழையதாக வாங்குவதில்லை. கட்டாயம் என்றால் பிளக்கில் மாட்டி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கருகல் வாசனை வருகிறதா, உள்ளே பெரிதாகப் பொறி பறக்கிறதா, டிரில் என்றால் பிட்டைப் பிடிக்கும் சக் ஆடுகிறதா என்று பாருங்கள். மூடி கழற்றிய வட்ட ரம்பத்தை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். புதிய டிரில் பாண்டியில் மலிவு என்று இன்னமும் பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். வரி வித்தியாசம் இருந்த காலத்து எண்ணம் அது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு இரண்டு ஊரிலும் ஒரே வரி. வாரண்டிக்குப் பக்கத்தில் சர்வீஸ் எங்கே என்று கேட்டு அங்கே வாங்குவதுதான் லாபம்.

வாங்கி வந்த அன்றே துருவைக் கவனியுங்கள், கடற்காற்று காத்திருக்காது. மரக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு இரும்பை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து வெயிலில் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நான் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் எல்லாவற்றையும் துடைக்கிறேன், கிளாம்ப் மரை உட்பட.