குடிக்கிற தண்ணீர் ரேடியேட்டருக்கு ஆகாது

செட்டிநாட்டில் பூட்டிய வீடுகளின் கார் செட்டில் இன்னும் மாருதி 800 நிற்கிறது. 2014-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. விற்றால் விலை வராது, விற்க மனசும் வராது. ஐயா ஓட்டியதை இப்போது பேரன் எடுக்கிறான். ஆயில் மாற்றவும் காற்று பார்க்கவும் அவனுக்கே தெரியும். அதையெல்லாம் விட்டுவிட்டு, அவன் தவறு செய்யும் இடங்களை மட்டும் பார்க்கலாம்.

ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர்

"தண்ணிதானே, எதை ஊத்தினா என்ன?" இந்தப் பேச்சில் போன இன்ஜின்கள் அநேகம். காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீர் வாய்க்கு இனிக்கும். இன்ஜினுக்கு அதுவும் உப்புத் தண்ணீர்தான். சூடேற ஏற உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். இன்ஜின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். துருத்தடுப்பு மருந்து இல்லாத தண்ணீர் இரண்டையும் அரிக்கும். வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) பிடித்த மழைத் தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் அதிலும் அந்த மருந்து கிடையாது.

ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. சித்திரை வெயிலில் ஏசி போட்டுத் திருச்சி ரோட்டில் ஏறினால் இன்ஜின் சூடு காட்டும் முள் மேலே போகும். "திருமயம் போய்ப் பாத்துக்கலாம்" என்பார்கள். அந்தச் சில கிலோமீட்டரில் ஹெட் வளைந்து, அதற்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் போய், ஆயில் மூடியைத் திறந்தால் பால் காபி நிறத்தில் நிற்கும். முள் ஏறியதும் ஓரங்கட்டி நிறுத்துங்கள். சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இதற்குச் சில மெக்கானிக் சொல்லும் வைத்தியம் இன்னும் எரிச்சல்: இன்ஜின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. வால்வு இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். பெட்ரோல் கூடக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும். வால்வைச் சந்தேகப்பட்டால் ஒரு சட்டித் தண்ணீரில் கட்டித் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். கொதிப்பதற்குள் திறக்கவில்லையென்றால் புதிது மாட்டுங்கள்.

முறை இதுதான். இன்ஜின் ஆறியபின் ரேடியேட்டரின் கீழ் ஓஸைக் கழற்றி, தெளிவாக வரும்வரை அலசுங்கள். துருத்தடுப்பு மருந்து சேர்ந்த கூலண்ட் 30 பங்கு, டிஸ்டில்டு வாட்டர் 70 பங்கு கலந்து மெதுவாக ஊற்றி, மூடி போடாமல் ஓடவிடுங்கள். மேல் ஓஸ் சுட்டுக் குமிழி அடங்கியதும் நிரப்பி மூடுங்கள். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் மூடியையே மாற்றுங்கள். பச்சை நிறக் கூலண்டோடு சிவப்பு நிறக் கூலண்டைக் கலக்காதீர்கள்.

படைப்புக்கு (குலமுன்னோர் வழிபாட்டுக்கு) ஊர் வந்ததும் சாவி திருப்புவது

ஆறு மாதம் நின்ற கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகி, அது பாயும் சிறு துளையான ஜெட்டை அடைத்திருக்கும். முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். மூன்று பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு, இன்ஜினைச் சுற்றி, பிளக்கை மாட்டியபின் ஸ்டார்ட் செய்யுங்கள். ஊருக்குத் திரும்பும்போது பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு விட்டுப்போனால் பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுக் கல் வையுங்கள்.

வெடித்த பெட்ரோல் ஓஸ்

இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் தாங்காது, மாற்றுங்கள்.

அகல டயர்

இந்த வண்டிக்கு டயர் அளவு 145/70 ஆர் 12. வேறு வேண்டாம்.

ஆர்சி

வண்டியின் பதிவுச் சான்றிதழை 15 வருடம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும், பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை.