பிளஸ் டூ பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை: வீட்டுப் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலைகள்

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை படிப்பைக் கவனிக்கட்டும். விண்ணப்பம், சான்றிதழ், கலந்தாய்வு ஆகிய வேலைகளை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் முழுப் பொறுப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதலில் என் மகளுக்காகவும், அடுத்து உசிலம்பட்டியில் இருக்கும் என் அக்கா மகனுக்காகவும் இந்த வேலைகளைச் செய்து முடித்த பிறகு இதை எழுதுகிறேன். இருவருமே பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சென்றவர்கள் என்பதால் அந்தப் பகுதி விரிவாகவும் மற்றவை சுருக்கமாகவும் இருக்கும். இணையத்தில் படிவம் நிரப்புவது, சான்றிதழை ஸ்கேன் செய்வது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்தப் படிப்புக்கு எந்தத் தேர்வு என்று முடிவு செய்தல்

நுழைவுத் தேர்வு என்றதும் எந்தப் படிப்புக்கு என்றுகூடக் கேட்காமல் பயிற்சி மையத்தில் பணம் கட்டிவிடும் குடும்பங்களை மதுரையில் நிறையப் பார்க்கிறேன். தமிழ்நாட்டு அரசின் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீக்கப்பட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோலாகிவிட்டது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என மொத்தம் 200க்குக் கட்ஆஃப் கணக்கிடுகிறார்கள். கணிதத்தில் 94, இயற்பியலில் 88, வேதியியலில் 92 எடுத்த மாணவருக்கு 94, 44, 46 என்று கூட்டினால் கட்ஆஃப் 184 வரும். கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்ஆஃபும் முழுதாக ஒன்று கூடுகிறது; மற்ற இரண்டு பாடங்களில் அதே ஒன்றைப் பெற இரண்டு மதிப்பெண் தேவைப்படுகிறது. கட்ஆஃப் சமமாக உள்ளவர்களைப் பிரிக்கும்போதும் கணித மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பொறியியல் மட்டுமே குறி என்றால் கடைசி மூன்று மாதங்களைப் பள்ளித் திருப்புதல் தேர்வுகளுக்கும் கணிதத்துக்கும் ஒதுக்குவதே நல்லது.

மருத்துவத்துக்கு நீட், என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. மெயின், ஐ.ஐ.டி.க்கு அதற்கு மேல் அட்வான்ஸ்டு, கட்டடக்கலைக்கு நாட்டா, திருவாரூரில் உள்ளது போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் தேவை. ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிக்கும் அரசு சட்டக் கல்லூரியின் ஐந்தாண்டுப் படிப்புக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான். கலை அறிவியல் படிப்பில், மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே பொது இணையதளமும், அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி போன்றவற்றுக்கு அந்தந்தக் கல்லூரியின் தனி விண்ணப்பமும் உண்டு. இரண்டு வழிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஐந்து தேர்வுகளுக்கு ஒரே நேரத்தில் தயாராகும் பிள்ளை எதிலும் நிறைவாகத் தயாராவதில்லை.

படி 2: நீட் எழுதுவதாக இருந்தால்

180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 குறையும். பாதி மதிப்பெண் உயிரியலுக்குரியது. வழிகாட்டி நூல்களை அடுக்கி வைப்பதைக் காட்டிலும் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலும் பழைய வினாத்தாள்களும் போதும் என்பது என் கருத்து. வாரம் ஒரு முறையாவது மதியம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை, அதாவது உண்மைத் தேர்வு நடக்கும் அதே நேரத்தில், முழு வினாத்தாளையும் ஓ.எம்.ஆர். தாளில், அதாவது வட்டங்களை நிரப்பி விடை குறிக்கும் தாளில், எழுதிப் பழக வேண்டும். வீட்டில் அமைதி இல்லாதவர்களுக்குப் புதுநத்தம் சாலையில் 2023 முதல் இயங்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பரிந்துரைக்கிறேன். போட்டித் தேர்வு நூல்களுக்கு அங்கே தனிப் பிரிவே உள்ளது.

தமிழ்வழி மாணவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். இரண்டுக்கும் முரண்பாடு இருந்தால் ஆங்கிலமே இறுதி. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குத் தொடரப்பட்டு, நம் மதுரையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளை 196 மதிப்பெண் வழங்க உத்தரவிட்டது. பின்னர் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆகவே தமிழ்வழியில் படித்தாலும் அறிவியல் கலைச்சொற்களை இரு மொழியிலும் தெரிந்து வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச்சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று நாள்தோறும் சிறிது சிறிதாக எழுதிவந்தால் தேர்வு நேரத்தில் சந்தேகம் வரும் வினாவை ஆங்கிலப் பக்கத்தில் சரிபார்க்கும் துணிவு வந்துவிடும்.

தேர்வு பெரும்பாலும் மே மாதத் தொடக்கத்தில் வருவதால் சித்திரைத் திருவிழாவையும் கணக்கில் கொள்ளுங்கள். 2023இல் அழகர் ஆற்றில் இறங்கியது மே 5, நீட் மே 7. கோரிப்பாளையம், தல்லாகுளம் வழியாகச் செல்ல வேண்டிய மையம் கிடைத்தால் முந்தைய நாளே சென்று பாதையைப் பார்த்துவிடுங்கள். பிற்பகல் 1.30 மணிக்கு நுழைவாயிலை மூடிவிடுவார்கள்.

படி 3: சான்றிதழ்கள்

எங்கள் வீட்டில் அதிக நாள் இழுத்த வேலை இதுதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயர் எப்படி உள்ளதோ அதுவே அடிப்படை. ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகிய அனைத்திலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் அதோடு பொருந்துகின்றனவா என்று பிளஸ் ஒன் படிக்கும்போதே பாருங்கள். என் அக்கா மகனுக்கு ஆதாரில் இனிஷியல் இல்லாமல், தந்தையின் முழுப் பெயர் பின்னால் சேர்ந்திருந்தது. அதைத் திருத்தி முடித்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்கினோம். வரிசை முக்கியம்: ஆதாரைத் திருத்துங்கள், பிறகு சான்றிதழ்களுக்கு விண்ணப்பியுங்கள், கடைசியாகக் கல்லூரி விண்ணப்பம்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. ஆகியோரின் விசாரணைக்குப் பிறகு தாசில்தார் அலுவலகத்திலிருந்து இணையவழியிலேயே வந்துவிடும். தேர்வு முடிவு வந்த பிறகு தாலுகா அலுவலகத்தில் கூட்டம் பெருகிவிடும் என்பதால் பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள். குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லாத பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை தருவது முதல் பட்டதாரி சான்றிதழ். அண்ணனோ அக்காவோ பட்டம் பெற்றிருந்தால் அது கிடைக்காது. எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் பொறியியல் சேர்க்கைக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை; அதற்காக அலைய வேண்டாம்.

பிறகு சேர்த்தது: பி.சி., எம்.பி.சி. என்று மாநில அரசு தந்த சாதிச் சான்றிதழ் கையில் இருக்கும்போது ஓ.பி.சி. சான்றிதழ் எதற்கு என்று திருமங்கலத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருந்தார். மாநிலக் கலந்தாய்வுக்கு அது தேவையில்லை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் 27 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்க வேண்டுமென்றால், வளமான பிரிவினர் அல்லர் என்று குறிப்பிடும் மத்திய அரசு வடிவச் சான்றிதழ் தனியாக வேண்டும். அதுவும் சேர்க்கை நடக்கும் ஆண்டின் ஏப்ரல் 1க்குப் பிறகு பெற்றதாக இருக்க வேண்டும். அதற்கு முன், உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாமே அதில் இருப்பதில்லை.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்கள் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கான சான்றைப் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகப் பெற வேண்டும். 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்த இந்த ஒதுக்கீடு எங்கள் பக்கத்துக் கிராமப் பிள்ளைகளுக்குப் பெரிய வாய்ப்பு. தகுதியுள்ள ஒருவரும் இதை விட்டுவிடக் கூடாது.

படி 4: விண்ணப்பம்

இதில் சொல்ல அதிகம் இல்லை. கலந்தாய்வு முடியும் வரை மாறாத ஒரு கைபேசி எண்ணைக் கொடுங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும் என்பதால் அந்தக் கைபேசி வீட்டிலேயே இருப்பவரிடம் இருக்க வேண்டும். கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வையுங்கள். கணினி மையத்தில் பிறரை நிரப்பச் சொன்னாலும் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையாகவே இருக்கட்டும்.

படி 5: விருப்பப் பட்டியல்

தரவரிசைப் பட்டியல் வந்த பிறகு, மாணவர்களை வரிசைப்படி சுற்றுகளாகப் பிரித்து, கல்லூரியையும் பாடப்பிரிவையும் விருப்ப வரிசையில் பதியச் சொல்வார்கள். அதற்குச் சில நாட்களே தருவார்கள். பன்னிரண்டு ஆண்டுப் படிப்பின் பலன் இந்தச் சில நாட்களில் முடிவாகிறது என்பதை மிகைப்படுத்தாமல் சொல்கிறேன்.

"சித்தி, கிடைக்காத காலேஜை எல்லாம் மேல எழுதினா, கிடைக்கிறதும் போயிருமா?" என்று என் அக்கா மகன் கேட்டான். ஏறக்குறைய எல்லாப் பெற்றோரின் மனத்திலும் இந்தப் பயம் இருக்கிறது. இடம் ஒதுக்கப்படும் முறையைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும். தரவரிசையில் உங்கள் பிள்ளையின் முறை வரும்போது கணினி அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. முதல் விருப்பத்தில், பொதுப் பிரிவிலோ அவருடைய இனப் பிரிவிலோ இடம் இருந்தால் அதைத் தருகிறது. இல்லையென்றால் அடுத்ததற்குச் செல்கிறது. மேலே எழுதிய கல்லூரி கிடைக்காமல் போவதால் கீழே உள்ளவற்றில் அவருக்குரிய முன்னுரிமை சிறிதும் குறைவதில்லை. 184 கட்ஆஃப் உள்ளவர், வழக்கமாக 190க்கு மேல் முடிந்துவிடும் கல்லூரியை முதலில் எழுதினாலும் எதையும் இழப்பதில்லை. ஆகவே வரிசை விருப்பத்தின்படி இருக்க வேண்டும். வாய்ப்பின்படி அடுக்க வேண்டாம். பட்டியல் எவ்வளவு நீளமானது, எங்கே முடிகிறது என்பதற்கு மட்டும் வாய்ப்பைக் கணக்கில் கொள்ளுங்கள்.

நான் செய்த முறை இது. கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பே ஒரு நீளமான நோட்டில் கல்லூரிக் குறியீட்டு எண், பாடப்பிரிவு, கடந்த ஆண்டுகளில் எங்கள் இனப் பிரிவுக்கும் பொதுப் பிரிவுக்கும் முடிந்த கட்ஆஃப், வீட்டிலிருந்து போய்வரும் வசதி ஆகியவற்றைக் கட்டம் போட்டு எழுதினேன். பழைய கட்ஆஃப் விவரம் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கிறது. ஓர் ஆண்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தேர்வு முடிவுகளைப் பொறுத்து அது ஏறி இறங்கும். கட்ஆஃப் கணித்துச் சொல்லும் செயலிகள் பல உள்ளன. நான் எதையும் பரிந்துரைக்கவில்லை. கையால் எழுதும்போது கல்லூரிகள் மனத்தில் பதிகின்றன, பிள்ளையும் அருகில் உட்கார்ந்து பேசுகிறது.

கல்லூரியின் தரத்தை அறிய விளம்பரப் பலகைகளை நம்ப வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் பருவத் தேர்வுக்குப் பின் கல்லூரிவாரியாக வெளியிடும் தேர்ச்சி விவரத்தைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே தேர்வு நடத்துவதால் அவற்றை இதோடு ஒப்பிட முடியாது. அங்கே படிக்கும் மாணவர்களிடம் நேரில் கேட்பதே சிறந்த வழி. திருப்பரங்குன்றத்தில் 1957 முதல் இயங்கும் தியாகராஜர் பொறியியல் கல்லூரி மதுரைக்காரர்கள் பலரின் முதல் விருப்பம். அது போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவுகளும் உண்டு. பாடப்பிரிவின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் வேறு. கீழக்குயில்குடியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகத்தையும், அதன் கட்டணத்தைக் கருதியாவது, விலக்காமல் பாருங்கள்.

இடம் கிடைத்தாலும் சேரவே மாட்டோம் என்ற கல்லூரியை எந்த இடத்திலும் எழுதாதீர்கள். கிடைத்தால் சேர்வோம் என்ற கல்லூரிகளில், கட்ஆஃப் உங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணைவிட நன்றாகக் கீழே முடிபவை சிலவற்றைக் கடைசியில் கட்டாயம் சேருங்கள். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. பதிவு செய்யக் கைபேசியைப் பயன்படுத்தாமல் கணினியில் உட்காருங்கள். சிறிய திரையில் ஒரே பெயருடைய கல்லூரிகளும் பாடப்பிரிவுகளும் குழப்பும். பதிந்ததைச் சேமித்து, அச்செடுத்து, ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் காலையில் பிள்ளையை ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். குறியீட்டு எண்ணை நீங்கள் நோட்டில் சரிபாருங்கள். அதன் பிறகே பட்டியலைப் பூட்டுங்கள்.

படி 6: ஒதுக்கீடு வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பது, இதை விட்டுவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருப்பது, அடுத்த சுற்றுக்குச் செல்வது எனச் சில வாய்ப்புகள் காட்டப்படும். ஏற்றுக்கொண்டு காத்திருப்பதே பெரும்பாலோருக்குப் பொருத்தமானது: கையில் உள்ள இடம் போகாது, மேலே எழுதியது காலியானால் அது வரும். மேலே உள்ள விருப்பங்களை மட்டுமே கணினி பார்க்கும் என்பதால்தான் வரிசையில் அவ்வளவு கவனம் வேண்டும் என்றேன். குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டாலும் பணம் கட்டாவிட்டாலும் இடம் போய்விடும்.

பிறகு சேர்த்தது: கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கை பொறியியலுக்கு முன்பே நடப்பதால், அங்கே சேர்ந்து மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துவிட்ட பிறகு பொறியியல் இடம் கிடைத்தால் என்ன செய்வது என்று மேலூரிலிருந்து ஓர் அம்மா கேட்டார். சேரும்போதே கட்டணத்தைத் திருப்பித் தருவது குறித்த விதியை அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த அசல் சான்றிதழையும் ஒப்படைப்பதற்கு முன் அதை ஸ்கேன் செய்து, கையொப்பமிட்ட நகல்கள் ஐந்தாறு எடுத்து வையுங்கள். விலகுவதாக இருந்தால் மாணவரும் பெற்றோரும் கையொப்பமிட்ட கடிதத்துடன், பொறியியல் ஒதுக்கீட்டு ஆணையின் நகலை இணைத்து, ஆணை வந்த அன்றே கொடுத்துவிடுங்கள். பொறியியல் கல்லூரியில் சேர வேண்டிய கடைசி நாளுக்குள் அசல் சான்றிதழ்கள் கைக்கு வந்தாக வேண்டும்.