கேப் ரிவால்வரோடு மான் வேட்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கருமருந்துத் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர்களில் ஒரு சிறு கூட்டம் ரைஃபிளை வீட்டிலேயே விட்டுவிட்டு, பழைய பாணி ரிவால்வரை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பும். இதற்குத் தோட்டா கிடையாது. சுழலும் சிலிண்டரின் ஒவ்வோர் அறையிலும் மருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக்குண்டை வைத்து லீவரால் அழுத்தி, பின்பக்கம் நிப்பிள் என்ற துளையுள்ள சிறு முனையில் கேப் (ஹேமர் தட்டியதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோகத் தொப்பி) மாட்ட வேண்டும். பலர் கையிலும் இருப்பது 1851 கோல்ட் நேவி, 1860 கோல்ட் ஆர்மி, ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மி போன்றவற்றின் இத்தாலியப் பிரதிகள்தான். (இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டையே குற்றம். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் உரிமம் வாங்கி, பருவகாலத்தில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு.)

முதல் தவறு மனதில் நடக்கிறது. ஆறு அறை இருப்பதால் ஆறு வாய்ப்பு இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். மான் விஷயத்தில் இது ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி. மற்றவை கைவசம் இருக்கும், அவ்வளவுதான். முதல் குண்டு போனதும் வெள்ளைப் புகை முன்னால் திரை போட்டுவிடும். கோல்ட் வகையில் வெடித்த கேப்பின் துணுக்கு ஹேமருக்கு அடியில் விழுந்து சிலிண்டரைச் சிக்க வைப்பதும் சகஜம். அதைத் தவிர்க்கக் குழலை வானம் பார்க்கத் தூக்கி ஹேமரை இழுப்பார்கள். சுடுகளத்தில் அது சரி, இருபது கஜத்தில் நிற்கும் மான் அந்த அசைவைப் பார்த்துக்கொண்டா இருக்கும்?

அடுத்தது, சக்தியைப் பற்றிய தப்புக்கணக்கு. .44 அங்குல ரிவால்வரில் 30 கிரெயின் (மருந்தையும் குண்டையும் அளக்கும் சிறு எடையலகு) மருந்து போட்டால், சுமார் 140 கிரெயின் எடையுள்ள உருண்டைக் குண்டு நொடிக்கு 850 அடி வேகத்தை ஒட்டி வெளியேறும். அதன் ஆற்றல் 225 அடி-பவுண்டு அளவில்தான். இரண்டு கிலோ எடையுள்ள கோல்ட்டின் ராட்சத ரிவால்வரான வாக்கரில் 60 கிரெயின் வரை போடலாம்; அதிலும் 400ஐ ஒட்டித்தான் வரும். கருமருந்து ரைஃபிளோ சாதாரணமாகவே ஆயிரத்தைத் தாண்டும். போதாததற்கு, உருண்டைக் குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும், உடம்புக்குள்ளும் ஆழமாகப் போகாது. ஆகவே 25 கஜத்துக்குள், பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலைக் குறிவைத்தால் போதும். தோள் எலும்பைக் குறிவைப்பது, நேருக்கு நேர் பார்த்து நிற்கும் மானின் நெஞ்சில் சுடுவது எல்லாம் வேண்டாம். 40 கஜத்தில் நிற்கிறதா? விட்டுவிடுங்கள். .36 நேவியின் குண்டு வெறும் 80 கிரெயின் எடை. மானுக்கு அதை எடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

ஊடுருவல் வேண்டுமென்றால் தட்டை முனையுள்ள, 200 கிரெயினுக்கு மேற்பட்ட கூம்புக் குண்டைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். நல்ல வழிதான். ஆனால் நீளமான குண்டு அறையில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மருந்து குறையும். எப்படி மாற்றினாலும் தூரக் கணக்கு மாறாது.

சட்டத்தில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 1968ஆம் ஆண்டு மத்திய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இவ்வகைப் பிரதிகள் 'பழம்பொருள்' பட்டியலில் வருகின்றன. பல மாநிலங்களில் தபாலிலேயே வாங்கிவிடலாம். அதனால் வேட்டைக்கும் தடையில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். வேட்டை விதியை வகுப்பது மாநிலம். கொலராடோவில் கைத்துப்பாக்கியால் மான் சுட, 50 கஜத்தில் 550 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும். உருண்டைக் குண்டு போட்ட எந்த கேப் ரிவால்வரும் அதன் பக்கத்தில்கூட வராது. வேறு சில மாநிலங்கள் குண்டின் விட்டத்தை மட்டும் பார்த்து அனுமதிக்கின்றன. கருமருந்துப் பருவத்தில் ஒற்றைக் குழல் ரைஃபிளைத் தவிர எதையும் ஏற்காத இடங்களும் உண்டு. அந்தந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் படிக்காமல் காட்டுக்குள் கால் வைக்க வேண்டாம்.

இனி குண்டு நிரப்புவது. ஆபத்தும் பெரும்பாலான ஏமாற்றமும் இங்கேதான். புகையில்லா நவீன மருந்தை இதில் ஒரு துளிகூடக் கலக்கக் கூடாது. சிலிண்டர் வெடித்துக் கை போகும். கருமருந்துக்கு மாற்றாக வரும் பைரோடெக்ஸை எடை போடாமல் கொள்ளளவால் அளக்க வேண்டும். டிரிப்பிள் செவன் என்ற இன்னொரு மாற்று மருந்து இன்னும் வீரியமானது, அளவில் 15 சதவீதம் குறைக்கச் சொல்கிறார்கள். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்றிடைவெளி விடக் கூடாது. மான் வேட்டைக்கு வீரியம் வேண்டும் என்று பித்தளைச் சட்டம் (ஃபிரேம்) கொண்ட மலிவு ரிவால்வரில் அறை நிறைய மருந்து அடைப்பது இன்னொரு தவறு. பித்தளை மென்மையானது, தொடர்ந்து அப்படிச் சுட்டால் சட்டம் நீண்டு, சிலிண்டர் ஆட ஆரம்பித்துவிடும். வேட்டைக்கு எஃகுச் சட்டம்தான்.

குண்டின் விட்டம் அறையைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். லீவரால் அழுத்தும்போது ஓரத்திலிருந்து மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவிக்கொண்டு விழும். அது முழு வட்டமாக விழுந்தால் அடைப்பு சரி. இத்தாலியத் தயாரிப்பாளர்களில் பியெட்டாவின் பிரதிக்குப் பொதுவாக .451 அங்குலம், உபெர்ட்டியின் பிரதிக்கு .454 என்று வாங்குவார்கள். எது பொருந்துகிறது என்பதை வளையம் சொல்லிவிடும். இந்த அடைப்பு சரியில்லாவிட்டால் ஓர் அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவி, குழலுக்கு நேராக இல்லாத குண்டும் வெடிக்கும். நெருப்பு முன்வாயிலிருந்து தாவுகிறதா, தளர்ந்த கேப் வழியாகப் பின்னாலிருந்தா என்று பழம் ஆட்கள் இன்றும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு எதற்கு அந்த வம்பு? இரண்டு பக்கமும் அடைத்துவிடுங்கள். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே கொழுப்பில் ஊறிய கம்பளி வட்டு, பின்னால் நிப்பிளை இறுகப் பிடிக்கும் சரியான அளவு கேப். குண்டின் மேல் அப்பும் கொழுப்பு வெயிலில் உருகி ஹோல்ஸ்டரில் வழிந்துவிடும். வேட்டைக்கு வட்டுதான் தோது. பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம், கருமருந்துக் கசடோடு சேர்ந்து தார் மாதிரி இறுகிவிடும்.

முதல் குண்டே வெடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் எண்ணெய்தான் காரணம். போன தடவை சுத்தம் செய்தபோது பூசிய எண்ணெய் நிப்பிள் துளையில் தங்கியிருக்கும். நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு நிப்பிளிலும் வெறும் கேப் ஒன்றை வெடித்தால் துளை காய்ந்துவிடும். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டவர்கள் 'டக்' என்ற சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, மான் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி வெடிக்காமல் போனால் குழலைப் பத்திரமான திசையிலேயே பிடித்துக் கொஞ்சம் பொறுக்க வேண்டும், மருந்து தாமதமாகவும் பற்றும்.

குறி பார்ப்பதில் கோல்ட் பிரதிகளுக்கு ஒரு குணம்: கிட்டத்தில் சுட்டால் குண்டு மேலே போகும். பின்குறி ஹேமரில் வெட்டிய சிறு பள்ளம்தான், முன்குறியும் குட்டை. 25 கஜத்தில் பல அங்குலம் மேலே அடிப்பதை மறந்தால் நுரையீரலுக்கு வைத்த குறி முதுகுக்கு மேல் பறந்துவிடும். உயரமான முன்குறி மாட்டலாம், அல்லது எவ்வளவு தாழ்த்திப் பிடிக்க வேண்டும் என்று பழகலாம். எதுவானாலும் வேட்டைக்குப் போடப்போகும் அதே மருந்தளவில் பழக வேண்டும். ரெமிங்டனில் சிலிண்டருக்கு மேலே சட்டம் ஓடுவதால் பின்குறி ஆடாது. காட்டுக்கு எதை எடுப்பது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். வாக்கரை விரும்புகிறவர்கள் லீவரைத் தோல் வாரால் கட்டிவிடுங்கள். சுட்ட உதைப்பில் அது தொப்பென்று விழுந்து, கம்பி சிலிண்டர் அறைக்குள் நுழைந்து சுழற்சியை நிறுத்திவிடும். 1848இல் வந்த கோல்ட்டின் அடுத்த மாடலான டிராகூனில் அதற்காகவே லீவரின் கொக்கியை மாற்றினார்கள்.

சுட்ட பிறகு உடனே ஓடுவது பெரிய தவறு. புகைக்குக் கீழே குனிந்து, மான் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். குண்டு பெரும்பாலும் மறுபக்கத் தோலுக்கு அடியிலேயே நின்றுவிடும். வெளித்துளை இல்லாததால் ரத்தத் தடம் கம்மியாக இருக்கும். அரை மணி நேரமாவது காத்திருங்கள். வயிற்றில் பட்டதாகத் தோன்றினால் பல மணி நேரம். அவசரப்பட்டு விரட்டினால் அடிபட்ட மான் தூரத்துப் புதரில் போய்ச் சாகும், உங்களுக்கும் கிடைக்காது.

மாலைவரை எதுவும் வரவில்லையா? வண்டியில் ஏறுமுன் எல்லா கேப்பையும் கழற்றுங்கள். பல மாநிலங்களில் கேப் இல்லாத துப்பாக்கியே 'நிரப்பாதது' என்று கணக்கு, ஆனால் உங்கள் மாநிலத்தில் அப்படித்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிரப்பிய குண்டை வெளியே எடுக்கச் சுலபமான வழி, சுட அனுமதியுள்ள இடத்தில் மண்மேட்டில் சுட்டுத் தீர்ப்பது. அன்றிரவே சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கசடு ஈரத்தை இழுத்து, காலைக்குள் குழலில் செந்துரு தெரிய ஆரம்பிக்கும்.