இருநூறு எம்பிபிஎஸ் இணைப்பு இரண்டாம் கட்டைத் தாண்டாதது ஏன்?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கண்ணாடி இழை இணைப்பு எடுத்த பழைய வீடுகளில் ஒரே புகார்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. இருநூறு எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டியும், முகப்பில் தடையில்லாமல் ஓடும் படம், முற்றத்தைச் சுற்றிய உள்பகுதியான வளவில் திக்குகிறது. அடுப்படியில் ஆச்சி பேசும் சிங்கப்பூர் வீடியோ அழைப்பு பாதியில் உறைந்து நிற்கிறது. முந்நூறு எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறிவிட்டால் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அது வீண்செலவு. வேகம் வாசல் வரை முழுதாக வந்துவிட்டு, வீட்டுக்குள்தான் தொலைகிறது. எந்த இடத்தில் தொலைகிறது என்பதை முதலில் அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

அளப்பதற்கு முன் ஒரு கணக்கு. எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதைக் குறிப்பது; கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 200 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 25 மெகாபைட் இறங்கினாலே அது முழு வேகம். இதை அறியாமல் நிறுவனத்தோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

முதல் அளவீட்டை வைஃபையில் எடுக்கக் கூடாது. லேன் கேபிள் ஒன்றால் மடிக்கணினியை நேரடியாக ரவுட்டரில் இணைத்து, அதன் வைஃபையையும், இணையத்தை வேறு வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் இருந்தால் அதையும் அணைத்து, வீட்டின் மற்றக் கருவிகள் எதுவும் ஓடாதபோது வேகத்தைச் சோதியுங்கள். காலையில் ஒரு முறையும், ஊரே படம் பார்க்கும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறையும் எடுத்து, எண்களை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளையும் 190க்கு மேல் வந்தால் நிறுவனத்தின் மேல் குற்றமில்லை. காலையில் நிறைவாக வந்து இரவில் மட்டும் சரிந்தால், நெரிசல் அவர்கள் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம்.

எத்தனை முறை சோதித்தாலும் எண் 93, 94, 95 என்று ஒரே இடத்தில் முட்டி நின்றால், அது நூறு எம்பிபிஎஸ் வரம்பில் சிக்கியதன் அடையாளம். நூறைத் தாண்டும் கிகாபிட் (ஆயிரம் எம்பிபிஎஸ்) வேகத்துக்குக் கேபிளின் உள்ளே உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். நூறுக்கு இரண்டு ஜோடி போதும். ஆகவே மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரே ஒரு கம்பி அறுந்தாலும், முனையின் பிளக்கில் சரியாகப் பதியாவிட்டாலும் இணைப்பு அறுந்துபோகாமல் ஓசையில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். முனையில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, தொட்டால் ஆடும் கேபிளை முதலில் சந்தேகியுங்கள். ‘கேட் 5இ’ அல்லது ‘கேட் 6’ என்று அச்சிட்ட நல்ல கேபிளுக்கு மாற்றியும் எண் நகரவில்லை என்றால், ரவுட்டரின் துளையோ மடிக்கணினியின் துளையோ நூறு எம்பிபிஎஸ் வகை என்று பொருள்.

கேபிளில் நிறைவாக வந்தால், அடுத்து ரவுட்டர் இருக்கும் அதே அறையில் வைஃபையில் அளக்க வேண்டும். இங்கேயே வேகம் பாதிக்கும் கீழே போனால், கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்த அலை தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. பக்கத்து வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதில்தான் இடையூறு செய்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துபோகும். ரவுட்டர் அமைப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் எதில் இணைந்திருக்கிறோம் என்பது தெளிவாகிவிடும். 2.4க்கு 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பழைய ரவுட்டராக இருந்தால் பாதுகாப்பு முறை ‘டிகேஐபி’ என்று இல்லாமல் ‘ஏஇஎஸ்’ என்று இருக்கிறதா எனப் பாருங்கள். முந்தையது வேகத்தை 54 எம்பிபிஎஸ்ஸில் கட்டிப்போட்டுவிடும்.

இனி வீட்டுக்கு வருவோம், ஏனெனில் நம் ஊரில் உண்மையான சிக்கல் இங்கேதான். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ‘கட்டு’ எனப்படும் பகுதிகளாக நீண்டுகொண்டே போகும். கட்டுக்குக் கட்டு குறுக்கே நிற்பவை தடித்த செங்கற்சுவர்கள். அடுக்ககத்தை மனத்தில் வைத்துச் செய்த ரவுட்டர் இதில் திணறுவது இயல்பே. இணைப்புக் கொடுக்க வருகிறவர் வேலை எளிதாக முடிய, தெருக்கம்பத்துக்கு அருகில் முகப்பு அறையின் மூலையில், சில வேளை இரும்பு பீரோவுக்குப் பின்னால் அதைப் பொருத்திவிட்டுப் போகிறார். உலோகமும் பெரிய நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

ஆனால் இதே வீடு ஓர் உதவியும் செய்கிறது. தலைவாசலில் நின்றால் பின்வாசல் தெரியும்படி நிலைகள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கின்றன. வளவின் நடுவே திறந்த முற்றம் இருக்கிறது. சுவரைத் துளைக்க முடியாத அலை, திறந்த வாசல் வழியே தாராளமாகப் போகும். எனவே ரவுட்டரை அந்த நேர்கோட்டுக்கு அருகில், வளவுத் தாழ்வாரத்தில் சாரல் படாத தூணோரம், ஆளுயரத்துக்கு மேல் வையுங்கள். கண்ணாடி இழைக் கம்பியை அதுவரை நீட்டித் தரும்படி கேட்டால் செய்துகொடுப்பார்கள். கூடுதல் கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம். அந்தக் கம்பியை மூலையில் கூர்மையாக மடித்து ஆணியடிக்க மட்டும் விடாதீர்கள். மடிந்த இடத்தில் ஒளி கசிந்து, வந்த வேகமும் போய்விடும்.

அடுப்படிக்கும் மாடிக்கும் இதுவும் எட்டாவிட்டால் இரண்டாவது கருவி தேவைப்படும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ‘எக்ஸ்டெண்டர்’ ஒரே அலையில் வாங்கி அதே அலையில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும்; அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லேன் கேபிளைப் பின்கட்டு வரை இழுத்து, அங்கே கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ ஒன்றைப் பொருத்துவதே நிலையான தீர்வு. நூறு மீட்டர் வரை கேபிளில் வேகம் குறையாது என்பதால், மிக நீண்ட வீட்டுக்கும் கவலையில்லை. மெருகேற்றிய பழைய சுண்ணாம்புப் பூச்சில் துளை போடுவது பாவம். அதே பூச்சைத் திரும்பச் செய்யும் கொத்தனாரைத் தேடிப்பிடிப்பது பெரும்பாடு. தாழ்வாரத்து மர உத்தரத்தின் மேல்விளிம்பிலோ, நிலைக்கு மேல் ஏற்கெனவே உள்ள காற்றுத் துளை வழியாகவோ கேபிள் கண்ணில் படாமல் போய்விடும். மின்கம்பிக் குழாய்க்குள் மட்டும் செருகாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் அழைப்பு மட்டும் தடுமாறினால், ஏறும் பக்கத்தை, அதாவது வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகத்தைப் பாருங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டை வெளியூரிலிருந்து பார்க்க வைத்த கண்காணிப்புக் கேமராக்கள் நாள் முழுவதும் படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அவற்றின் தரத்தைக் குறைத்தாலோ, அசைவு தெரியும்போது மட்டும் அனுப்பும்படி அமைத்தாலோ அழைப்பு சீராகும். இணையதளப் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றினால் வேகம் கூடும் என்ற யோசனையை நம்ப வேண்டாம். பக்கம் திறக்கத் தொடங்கும் கணம் சற்றுச் சுருங்கலாம், இறங்கும் வேகம் மாறாது.

கேபிளில் அளந்தபோதே குறைவாக வந்தவர்கள் நிறுவனத்திடம் புகார் பதிவு செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வருகிறவரிடம் ஒளியின் அளவைக் கருவியால் பார்க்கச் சொல்லுங்கள். வீடுகளுக்கு வழக்கமாகத் தரும் ‘ஜிபான்’ வகைக் கண்ணாடி இழை இணைப்பில் அது −8 முதல் −27 டிபிஎம்முக்குள் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும், −27ஐ நெருங்கினால் எங்கோ மடிப்போ அழுக்கோ இருக்கலாம். மாதத் தரவு வரம்பு முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் அந்தப் புகார் எண்ணையும், நேரத்தோடு குறித்துவைத்த கேபிள் அளவீடுகளையும் சேர்த்து அனுப்பலாம்.