ஸ்விட்ச்சுகளில் லூப் தடுப்பை முறையாக இயக்குதல்

ஒன்று பழுதானாலும் மற்றொன்று இருக்கட்டும் என்று இரண்டு ஸ்விட்ச்சுகளுக்கிடையே இரண்டாவது கேபிளைப் போட்டாலும், மேசைக்கடியில் கிடக்கும் சிறிய ஸ்விட்ச்சில் யாராவது ஒரே கேபிளின் இரு முனைகளையும் செருகிவிட்டாலும் லூப், அதாவது தரவு முடிவின்றிச் சுற்றும் வளையப் பாதை, உருவாகும். ஐபி பாக்கெட்டுக்கு உள்ளதுபோல் ஈதர்நெட் ஃபிரேமுக்கு (ஸ்விட்ச்சுகள் கடத்தும் தரவுத் துண்டு) ஆயுள் வரம்பு இல்லாததால், லூப்பில் சிக்கிய பிராட்காஸ்ட் (எல்லாக் கருவிகளுக்கும் போகும் செய்தி) தானாக ஓயாமல் சுற்றிச் சுற்றிப் பெருகும். போர்ட் விளக்குகள் எல்லாம் ஒருசேரப் படபடக்க, சில நொடிகளில் நெட்வொர்க்கே முடங்கிவிடும்.

இதற்குத் தீர்வாகக் கணினி விஞ்ஞானி ரேடியா பெர்ல்மன் 1985இல் வகுத்ததுதான், கூடுதல் பாதையைத் தடுத்து வைத்து, தேவைப்படும்போது திறக்கும் ஸ்பானிங் ட்ரீ. அதன் பழைய வடிவம் மாற்றுப் பாதைக்கு மாற 30 முதல் 50 நொடிகள் எடுத்துக்கொள்ளும் என்பதால், ரேபிட் ஸ்பானிங் ட்ரீயையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்விட்ச்சின் நிர்வாகப் பக்கத்திலும் இதை இயக்கவும். சில மாடல்களில் பொது அமைப்பை இயக்கினால் மட்டும் போதாது, ஒவ்வொரு போர்ட்டிலும் தனியே இயக்க வேண்டியிருக்கும்.

பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள்; ஆனால் ரூட் பிரிட்ஜ், அதாவது பாதைகளுக்கெல்லாம் மையமாக அமையும் ஸ்விட்ச், எது என்பதை நாமே தீர்மானிப்பதுதான் முக்கியம். எல்லா ஸ்விட்ச்சுகளிலும் முன்னுரிமை எண் 32768 என்றே இருந்தால், மிகச் சிறிய மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) கொண்டதே ரூட் ஆகும். அது பெரும்பாலும் மூலையில் கிடக்கும் மிகப் பழைய ஸ்விட்ச்சாக அமைந்து, போக்குவரத்து முழுவதையும் தன் வழியே இழுத்துக்கொள்ளும். சிறிய எண் கொண்டதே ரூட் ஆகும்; எனவே மைய ஸ்விட்ச்சுக்கு 4096, அதற்கு மாற்றாக இருப்பதற்கு 8192 எனக் கொடுக்கவும். இந்த எண் 4096இன் மடங்காகவே இருக்க வேண்டும்.

கணினியும் பிரிண்டரும் இணையும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட்டாக்கி (காத்திருக்காமல் உடனே இயங்கும் போர்ட்), அவற்றில் பிபிடியு கார்டையும் இயக்கவும்; ஸ்விட்ச்சுகள் ஸ்பானிங் ட்ரீக்காகப் பரிமாறும் பிபிடியு செய்தி அங்கே வந்தால் அது போர்ட்டை மூடிவிடும். ஸ்விட்ச்சுகளை இணைக்கும் போர்ட்டுகளில் இவ்விரண்டும் கூடாது.

இப்போது இரண்டாவது கேபிளைச் செருகினால், ஒரு முனையிலுள்ள போர்ட் தடுக்கப்பட்ட நிலையில் தெரியும். பிங் (மறுமுனை பதில் தருகிறதா எனச் சோதிக்கும் கட்டளை) ஓடிக்கொண்டிருக்கையில் முதல் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். ஓரிரு பதில்கள் தவறி, பிறகு தொடர்ந்தால் எல்லாம் சரி. இரண்டு கேபிள்களின் வேகமும் சேர்ந்து வேண்டுமென்றால் அதற்கு, கேபிள்களை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் எல்ஏசிபி அமைக்க வேண்டும். அது தனி வேலை.

நிர்வாக வசதியற்ற மலிவான ஸ்விட்ச்சுகளில் சில பிபிடியுவைக் கடத்தாமல் விழுங்கிவிடும் என்பதால், அவை இணையும் போர்ட்டுகளில், லூப்பைக் கண்டறிந்து போர்ட்டை மூடும் லூப்பேக் டிடெக்‌ஷன் இருந்தால் அதையும் இயக்கவும். இவ்வாறு மூடப்பட்ட போர்ட்டைத் திறக்கும் முன், லூப்புக்குக் காரணமான கேபிளைக் கண்டுபிடித்துக் கழற்ற வேண்டும். இல்லையெனில் அது மறுபடியும் மூடிக்கொள்ளும்.